உத்தரத்தில் இருக்கும் அந்த நான்கு எழுத்துகளும் உங்கள் வீட்டின் வயதும்

நீங்கள் கேட்டிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தக்கலைக்கும் திருவட்டாற்றுக்கும் நடுவில் இருக்கும் உங்கள் அம்மா வழி வீடு மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் கட்டப்பட்டது என்றும், தம்மை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குப் பயந்து அவர் அலைந்த நாட்களில் ஓர் இரவு உங்கள் அறப்புரையில், அதாவது நெல் வைக்கும் மரக் கட்டடத்தில், ஒளிந்திருந்தார் என்றும் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். படிப்புரையின், அதாவது வாசல் கட்டடத்தின், உத்தரத்தில் 'த ச ய எ' போன்று நான்கு எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை அன்றைய காரணவரின், குடும்பத் தலைவரின், பெயர்ச் சுருக்கம் என்று உங்கள் மாமா சொல்கிறார். இப்போது ஒரு மர வியாபாரி வந்து அறப்புரையை மட்டும் விலைக்குக் கேட்கிறார். வீட்டுக்கு உண்மையில் எத்தனை வயது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது கேள்வி. வயது தெரிந்தால் விற்பதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடலாம் என்ற எண்ணம் அதற்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் மர வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். படித்தது கட்டடப் பொறியியல். மரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஓர் ஆசாரியின் பின்னால் சாரத்தில் ஏறி இறங்கிக் கற்றது.

முதலில் அந்த நான்கு எழுத்துகள். அவை எழுத்துகள் அல்ல, எண்கள். நம் பழைய எண் முறையில் ௪ என்பது ச போலவும், ௭ என்பது எ போலவும், பத்தைக் குறிக்கும் ௰ என்பது ய போலவும், ஆயிரத்தைக் குறிக்கும் ௲ என்பது வாலைச் சுழித்த த போலவும் இருக்கும். உங்கள் உத்தரத்தில் இருப்பது ௲௪௰௭. ஆயிரம், நான்கு பத்து, ஏழு என்று வாசிக்க வேண்டும், அதாவது 1047. இடத்தை வைத்து மதிப்புத் தரும் இன்றைய முறை மரத்தச்சர் கைக்கு வருவதற்கு முன்பு நம் பக்கத்தில் இப்படித்தான் ஆண்டைப் பொறித்தார்கள். இது கிறிஸ்து ஆண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டில் இதே தவற்றைச் செய்து ஆயிரம் வருடத்து வீடு என்று வாசலில் பலகை எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 1949 வரை நாம் திருவிதாங்கூரையும், அதன் பின் 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சியையும் சேர்ந்தவர்கள். இங்கே பத்திரத்திலும் கல்லிலும் மரத்திலும் வழங்கியது கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு. அது ஆவணி ஒன்றாம் தேதி பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மாதம் பொறிக்கப்படாததால் 1871 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1872 ஆகஸ்ட் நடுவரை என்று சொல்லலாம். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஆயில்யம் திருநாள். மார்த்தாண்ட வர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டவர். அது கொல்லம் 904 முதல் 933 வரை. அவர் காலத்து ஆண்டு என்றால் ௯௱ என்று, ஒன்பதும் நூறும் முன்னால் வந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் குறியின் சுழி தெளிவாக இருக்கிறது. அதற்கு முன்னால் எந்த வெட்டும் இல்லை. ஆகவே 1047 என்ற வாசிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் இதை வைத்து வீடு 1871இல் கட்டப்பட்டது என்று சொல்லிவிடக் கூடாது. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ௭இன் வலது பக்கத்தில் ஒரு சதுரத் துளை இருந்து, அதில் மரத்துண்டு ஒன்றை அடித்து அடைத்திருக்கிறார்கள். அடைப்பின் இழை உத்தரத்தின் இழைக்குக் குறுக்காக ஓடுகிறது. இனி ௭இன் கால் முடியும் இடத்தைக் கவனியுங்கள். உளி உத்தரத்திலிருந்து அந்த அடைப்புத் துண்டின் மேலேயும் ஒரு விரற்கடை தூரம் ஏறிப் போயிருக்கிறது. அடைப்பு முதலில் இருந்திருக்கிறது, எண் பிறகு வெட்டப்பட்டிருக்கிறது. அடைப்புக்கு முன் துளை இருந்தது. துளை இருந்தபோது அதில் வேறொரு மரம் பொருந்தியிருந்தது. படிப்புரையில் அந்த இடத்தில் எதுவும் வந்து பொருந்த வழியில்லை. ஆகவே 1871இல் இந்த மரம் அங்கே ஏறுவதற்கு முன்பே வேறொரு கூரையில், வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் கூரை இதே வளாகத்தில் இருந்ததா, பத்து மைல் தள்ளி இருந்ததா என்பதைப் படம் சொல்லாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மர வீட்டுக்கு ஒற்றை வயது கிடையாது. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயது உண்டு. நம் பக்கத்து வீடு ஆணியடித்து இறுக்கியது அல்ல. ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய குடுமியை மற்றொன்றின் துளையில் கோத்து, மர முளை அடித்து நிறுத்தியது. கழுக்கோல்களில், அதாவது கூரையின் சரிவு மரங்களில், துளையிட்டு அவற்றினூடே வளை என்ற குறுக்குச் சட்டத்தைச் செலுத்திக் கூரை முழுவதையும் ஒரு மாலை போலக் கோத்திருப்பார்கள். கோத்ததைக் கழற்றலாம், கழற்றியதை வண்டியில் ஏற்றலாம், வேறிடத்தில் மறுபடி கோக்கலாம். குடும்பம் இடம் மாறினால், ஆறு கரையை அரித்தால், பெண்ணுக்குத் தனி வீடு கொடுத்தால் அறப்புரையோ மேற்கூரையோ பெயர்ந்து போவது சாதாரணமாக நடந்தது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தால், கேரளத்தில் பிரித்தெடுத்த வீடுகள் அங்கே மறுபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் அரண்மனையைத் தொடங்கியதாகக் கொள்கிறார்கள். பெரும்பகுதி மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழுந்தது. 1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் மராமத்து நின்றதில்லை. அரண்மனைக்கே ஒரு வயது சொல்ல முடியாதபோது நம் வீடுகளுக்கு எப்படிச் சொல்வது?

மன்னர் ஒளிந்த கதையைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நெய்யாற்றின்கரைக் கோயிலில் அவர் ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவை இன்றும் காட்டுகிறார்கள். கல்குளத்தில் அப்படிக் கதை இல்லாத பழைய வீடு குறைவு. கதை பற்றியிருப்பது பெரும்பாலும் இடத்தை. மரம் சொல்வது கட்டடத்தைப் பற்றி. 1871இல் எழுந்த படிப்புரைக்குள்ளே நூறு வருடம் மூத்த அறப்புரை இருக்கலாம். அதுவும் இல்லாமல், அதே மனையில் நின்ற ஓலை வீட்டில் நடந்ததைப் பிற்கால அறப்புரையின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கலாம். மரத்தைத் தட்டிப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது.

மரம் எதைச் சொல்லும் என்பதற்கு வருகிறேன். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜமரங்கள். உங்கள் புரையிடத்தில் முளைத்து நின்றாலும் அவை அரசுக்கு உரியவை. அதனால் பழைய வீடுகளில் பலாவும் அயினியும் வேங்கையும் மிகுதியாகவும், கூரையில் முற்றிய பனையின் வெளி வைரமும் இருக்கும். உங்கள் அறப்புரையின் நிரைப்பலகைகள், அதாவது மரச்சுவர்ப் பலகைகள், தேக்கு என்று வியாபாரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பார்வைக்குப் படாத ஒரு மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும் கூரிய சிற்றுளியால் மேற்பரப்பைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் அது பலாவாகவோ அயினியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். நூறு வருடப் புகையும் எண்ணெயும் ஏறி மேலே கருத்திருக்கும். தேக்கு இல்லை என்று தெரிந்தால் வருந்த வேண்டாம். எல்லாத் தூணும் தேக்காக இருக்கும் வீடு, அரசின் அனுமதியோடு மரம் வாங்க வழியிருந்த வீடாகவோ, பிற்காலத்தில் புதுக்கிய வீடாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். பலாவும் அயினியும் மட்டும் இருப்பது உங்கள் கதைக்குப் பாதகமில்லை.

மரத்தின் மேல் இருக்கும் ஆயுதத் தடமும் பேசும். மச்சுக்கு மேலே, யாரும் இழைத்து அழகுபடுத்தாத பகுதிக்கு ஏறி, கைவிளக்கைக் கழுக்கோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மீன் செதில் போல ஆழமில்லாத வெட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் வாய்ச்சியால் செதுக்கியது. நேர்க்கோடுகள் ஒன்றுக்கொன்று சற்றே கோணி ஓடினால் இரண்டு பேர் மேலும் கீழும் நின்று இழுத்த கைவாள். வில் போல வளைந்த கோடுகள் ஒரே சீராக இருந்தால் வட்ட ரம்பம், அதாவது அறுவை மில். அந்த மரம் நிச்சயமாகப் பிந்தையது. ஆணி இருந்தால் அதன் தலையையும் உடலையும் பாருங்கள். கொல்லன் அடித்தது சதுரமாக, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல் இருக்கும். உருண்டையான கம்பி ஆணி இயந்திரம் செய்தது. கழுக்கோலின் முதுகில் ஆணித் துளையே இல்லாமல், கயிறு உராய்ந்து தேய்ந்த பள்ளங்கள் ஒரே இடைவெளியில் இருந்தால் அந்தக் கூரை முன்பு ஓலை வேய்ந்தது. இதை மட்டும் படம் எடுத்து அனுப்பினாலே நிறையச் சொல்ல முடியும்.

கூரை ஓட்டில் கொல்லத்துத் தொழிற்சாலையின் முத்திரை இருப்பதை எழுதியிருக்கிறீர்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதைப் பார்த்துத்தான் தெற்கே கொல்லம் வரை தொழிற்சாலைகள் எழுந்தன. ஆகவே அந்த ஓடு 1871ஐ விடவும் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓட்டின் வயது ஓட்டுக்கு மட்டும்தான் சொந்தம். கீழே இருக்கும் கூட்டுக்கு அது ஒன்றும் சொல்லாது. தளத்தைப் பற்றியும் இதே பதில்தான். அரண்மனைத் தரை போலக் கருத்து மின்னுகிறது, எனவே இரண்டும் ஒரே காலம் என்று நினைத்திருக்கிறீர்கள். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று கூட்டிச் சொல்லப்படும் அந்தத் தரையைக் காவி சிமெண்டுத் தரை பரவும்வரை நம் பக்கத்தில் போட்டார்கள். கருந்தரை காலத்தைக் காட்டாது, போட்டவரின் கையை மட்டும் காட்டும். சுவரில் வெட்டுக்கல்லும் கும்மாயம் எனும் சுண்ணாம்புச் சாந்தும் இருப்பதும் அப்படியே.

இனிச் சொல்வது நீங்களே ஒரு நாடாவும் காகிதமும் வைத்துச் செய்யக்கூடியது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். தச்சுக்கோல் என்பது 24 விரல். விரலை 3 சென்டிமீட்டராகக் கொண்டால் கோல் 72 சென்டிமீட்டர். மனுஷ்யாலய சந்திரிகை என்ற கேரளத்து மனை நூல் சொல்லும் முறைப்படி, ஒரு கட்டின், அதாவது வீட்டின் ஒரு பக்கக் கட்டடத்தின், சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்தால் மிஞ்சுவது அதன் யோனி என்ற திசை எண். ஒன்று மிஞ்சினால் துவஜம், அது கிழக்கு. மூன்று சிம்மம், தெற்கு. ஐந்து இடபம், மேற்கு. ஏழு கஜம், வடக்கு. இரட்டை எண் மிஞ்சினால் குடியிருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று ஆசாரி அளவை மாற்றிவிடுவார். குலசேகரம் பக்கத்தில் நான் அளந்த ஒரு நாலுகட்டில், நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் கொண்ட வீட்டில், வடக்குக் கட்டுக்கு உத்தரத்தின் வெளி விளிம்பில் எடுத்த சுற்று 28 மீட்டர் 56 சென்டிமீட்டர். 72ஆல் வகுத்தால் 39 கோல் 16 விரல். மூன்றால் பெருக்கினால் 119. எட்டால் வகுத்தால் மிச்சம் ஏழு. வடக்குக்கு உரிய கஜ யோனி சுத்தமாக விழுந்தது. அதே வீட்டின் தெற்குக் கட்டு 26 மீட்டர் 40 சென்டிமீட்டர் வந்தது. அது 36 கோல் 16 விரல், மூன்றால் பெருக்கினால் 110, மிச்சம் ஆறு. எந்த ஆசாரியும் அப்படி வைக்கமாட்டார். மூன்று மிஞ்ச வேண்டுமென்றால் 25 மீட்டர் 68 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; சுற்றில் சரியாக ஒரு கோல் கூடியிருந்தது. சுற்றில் ஒரு கோல் கூட வேண்டுமென்றால் நீளத்தில் அரைக் கோல், 36 சென்டிமீட்டர், நீட்டியிருக்க வேண்டும். கிழக்கு முனையில் உத்தரத்தின் மேல் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினோம். சரியாக அந்த இடத்தில் மரத்தை ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தார்கள். செல் அரித்த மண்சுவரை எடுத்துவிட்டு அதற்கு வெளியே செங்கல் சுவர் எழுப்பிய காலத்து வேலை அது. கூட இருந்த ஆசாரி அந்த ஒட்டின் மேல் கையை வைத்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கணக்கை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. சுற்றில் 24 சென்டிமீட்டர் பிசகினால் மிச்சம் ஓர் எண் மாறிவிடும். ஆகவே சுவருக்குச் சுவர் நாடாவைத் தொங்கவிட்டு அளந்தால் போதாது. உத்தரத்தின் வெளி விளிம்போடு ஒட்டி, இரண்டு பேர் பிடித்து, மூன்று முறை அளந்து பார்க்க வேண்டும். கோலின் நீளத்திலும் தச்சர் மரபுக்கு மரபு சிறு வேறுபாடு உண்டு. நான்கு கட்டுகளில் மூன்று ஒரே கோலில் ஒத்து வந்தால் அந்தக் கோலை ஏற்றுக்கொள்வது என் வழக்கம். ஒன்று மட்டும் ஒத்து வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். யோனி பார்ப்பது நல்லதா கெட்டதா என்ற நம்பிக்கைக்குள் நான் போகவில்லை. கட்டியவர் அதை நம்பி அளந்தார் என்பதால், அளவு எங்கே உடைகிறதோ அங்கே பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு அது போதும்.

உங்கள் வரைபடத்தில் இரண்டு அடுக்களை இருக்கின்றன. நடுமுற்றத்தின் குறுக்கே ஒரு செங்கல் சுவரும் இருக்கிறது. இது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டின் வரலாற்றில் மிகத் தெளிவாகத் தேதி சொல்லக்கூடிய இடம் அதுவாக இருக்கலாம். காரணவர் என்ற சொல்லை நீங்கள் இயல்பாக எழுதியதிலிருந்து குடும்பம் மருமக்கள் வழியாக இருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். தாய்வழியில் வந்த சொத்தைக் காரணவர் நிர்வகித்தார். தனித்தனியாகப் பங்கு கேட்க வழியில்லை. திருவிதாங்கூரில் பங்கு பிரிக்க இடம்கொடுத்த நாயர் சட்டம் கொல்லம் 1100இலும், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1101இலும் வந்தன. அதாவது 1925, 1926. அதன்பின் பாகப்பத்திரங்கள் குவிந்தன. நாலுகட்டின் குறுக்கே சுவர் வைத்ததும், ஓர் அடுக்களை இரண்டானதும், கிணற்றின் நடுவில் கல் தூண் நட்டு ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டதும் அந்தப் பத்து இருபது வருடங்களில் நடந்தவை. உங்கள் குடும்பத்துப் பாகப்பத்திரம் எந்த ஆண்டு என்று பாருங்கள். முற்றத்துச் சுவர் அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் எழுந்திருக்கும் என்பது என் ஊகம். அந்தப் பத்திரம் வேறொன்றுக்கும் உதவும். தெக்கது, அறப்புரை, உரப்புரை, தொழுவம் என்று அன்றைக்கு நின்ற ஒவ்வொரு கட்டடத்தையும், பலாவையும் புளியையும்கூட எண்ணி எழுதியிருப்பார்கள். இன்று இல்லாத எத்தனை கட்டடங்கள் அதில் இருக்கின்றன என்பதைப் பார்த்தாலே வீடு எப்படிச் சுருங்கியது என்று புரியும்.

அறப்புரையைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதன் நெற்பெட்டியான பத்தாயத்தில் நிறைந்த நெல்லை விளைவித்தவர்கள் அந்த முற்றத்துக்குள் வர முடியாதவர்களாக இருந்தார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855இல். உங்கள் அறப்புரை அதற்கு முந்தியது என்றால் அதன் மரத்தைச் சுமந்தவர்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் இருந்திருக்கலாம். நாடார்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்ற தடை இந்த நாட்டில் இருந்தது. எனவே ஒரு வீட்டில் மாடியும் நிரையும் இருந்தன, பக்கத்து வீட்டில் இல்லை என்பதை வைத்து ஒருவரின் ரசனையை மட்டும் பேச முடியாது. பழைய ஓலைகள் உங்கள் வீட்டில் இருந்தால், நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்ற வரி அவற்றில் வந்தாலும் வரும். வந்தால் அதை மறைக்காமல் வீட்டு வரலாற்றில் சேர்த்து எழுதுங்கள்.

ஓலைகள் என்றதும் ஞாபகம் வருகிறது. பரணில் கட்டுக்கட்டாக இருக்கிறது, யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது வட்டெழுத்தாகவோ கோலெழுத்தாகவோ மலையாண்மையாகவோ இருக்கலாம். தென் திருவிதாங்கூரில் இவை நெடுங்காலம் வழங்கின. என்னால் எண்களையும் மாதங்களையும் தாண்டி வாசிக்க முடியாது. இதற்குக் கல்வெட்டும் சுவடியும் படித்தவர்தான் வேண்டும். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளிலிருந்து நாஞ்சில் நாட்டு வரலாறு எவ்வளவு துலங்கியது என்பதை நினைத்தால், ஒரு குடும்பத்துப் பரணை யாரும் அலட்சியமாக நினைக்கமாட்டார்கள். எண்ணெய் தேய்க்கிறேன் என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். வெள்ளைத் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் இப்போதைக்குப் போதும். அடுத்தது, 1883இல் தொடங்கி 1911இல் முடிந்த திருவிதாங்கூர் நிலவரி செட்டில்மெண்டின் பதிவேட்டில் உங்கள் பழைய சர்வே எண்ணைத் தேடுங்கள். மனை யார் பெயரில், என்ன வகையாக இருந்தது என்று தெரியும். அதில் கட்டடத்தின் வயதை எதிர்பார்க்க வேண்டாம்.

கரிமச் சோதனைக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கு அது வீண் செலவு. 1650க்குப் பிந்தைய மரத்துக்கு அந்தச் சோதனை ஒரே காலத்தைத் தராது. ஒன்றுக்கொன்று நூறு நூற்றைம்பது வருடம் தள்ளிய பல இடைவெளிகளைத் தரும். அதுவும் மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர, உத்தரமாக ஏறிய காலத்தைச் சொல்லாது. ஆண்டு வளையத்தை எண்ணலாம் என்றால், தேக்கில் வளையம் தெளிவாக இருக்கும். பலாவில் அப்படி நம்பி எண்ண முடியாது.

கடைசியாக வியாபாரி. விற்பதும் விற்காததும் உங்கள் குடும்பத்தின் முடிவு. செல் அரித்து விழவிருக்கும் அறப்புரை எங்கோ ஒரு தங்கும் விடுதியில் நிற்பது, மழையில் மக்கிப் போவதைவிட மேல் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் வயதை வைத்து மட்டும் இதை முடிவு செய்யாதீர்கள். அறப்புரை 1750ஐச் சேர்ந்தது என்றாலும் 1870ஐச் சேர்ந்தது என்றாலும், அது அந்த மனையில் நிற்கும்வரைதான் படிப்புரை உத்தரத்தின் அந்தத் துளைக்கு விடை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. வியாபாரியின் ஆட்கள் பிரிப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். நிரைப்பலகைகளின் விளிம்பில் பழைய ஆசாரி இட்டிருந்த கோட்டுக் குறிகளை, ஒரு கோடு, இரண்டு கோடு, பெருக்கல் குறி என்று வரிசை சொல்லும் குறிகளை, மெருகேற்றுவதற்காக அங்கேயே இழைப்புளி போட்டு நீக்கிவிட்டார்கள். அரை மணி நேர வேலை. அதன்பின் அது எத்தனையாவது முறை கழற்றப்பட்ட மரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் வியாபாரிக்கு இரண்டு மாதம் தவணை சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் உங்கள் மாமாவையும் ஓர் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு அறப்புரைக்குள் போங்கள். பத்தாயத்தின் மூடியைக் கழற்றி, நிரைப்பலகைகளின் விளிம்புக் குறிகளை இடமிருந்து வலமாகப் படம் எடுங்கள். வரிசை எங்கே உடைகிறது என்று சுண்ணக்கட்டியால் அடையாளம் இடுங்கள். பிறகு படிப்புரையின் அடைத்த துளையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அறப்புரையில் இப்போது கட்டையாக நிற்கும் வெட்டுண்ட குடுமி ஏதாவது அந்த அளவில் இருக்கிறதா என்று தேடுங்கள். வடமேற்கு மூலைத் தூணின் தலைப்பக்கத்தை முதலில் பாருங்கள். உங்கள் ஐந்தாவது படத்தில் அங்கே இருட்டுக்குள் அறுத்துவிட்ட மர முனை ஒன்று லேசாகத் தெரிகிறது. விளக்கடித்து எடுத்த படமும் இரண்டு அளவுகளும் கிடைத்தால் அனுப்புங்கள், சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.